மேலே உள்ள பெயரும் உள்ளே உள்ள சிலிக்கனும்

(எமது பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில், வெளிநாட்டில் இலத்திரனியல் ஆய்வுகூடம் ஒன்றில் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, ஆங்கிலத்தில் பேசவா தமிழில் பேசவா என்று ஒரு சொல் கேட்டேன். "பின்வரிசையில் இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கவேணும்" என்பதுதான் பதில். சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தை மானிப்பாயில் தமிழில் படிப்பித்த மண் இது. சிலிக்கன் சில்லைப் பற்றி இங்கே தமிழில் சொல்ல ஏலாது என்றால் அது என்னுடைய குறையே தவிர, தமிழின் குறையல்ல.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சில்லின் மேலே ஒரு பெயரும் இலக்கமும் அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதும் அதுதானா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

உடைந்த வானொலி, பழைய தொலைக்காட்சி, கணினி எதையாவது திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைப் பலகையில் பூரான் போலக் கால்கள் உள்ள கறுப்புத் துண்டுகள் இருக்கும். அவற்றையே நாங்கள் சில்லு என்கிறோம். உண்மையில் அந்தக் கறுப்பு வெறும் உறைதான். மணல்தூள் போன்ற சிலிக்காவைக் கலந்து வார்த்த ஒரு பிசின் அது. அதற்குள் சில மில்லிமீற்றர் அகலத்தில் மெல்லிய சிலிக்கன் துண்டு ஒன்று இருக்கிறது. தொழிலில் அதை 'டை' என்பார்கள். வேலை முழுவதையும் செய்வது அந்தத் துண்டுதான். அதன் ஓரங்களில் இருந்து தலைமயிரை விட மெல்லிய கம்பிகள் வெளிக்கால்களுக்குப் போகும். பழைய சில்லுகளில் அந்தக் கம்பி பெரும்பாலும் பொன்.

1971இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிலிக்கன் துண்டின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மில்லிமீற்றர். ஒரு பயற்றம்பருப்பின் அளவு என்று வையுங்கள். அதற்குள் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள். இன்றைய கைத்தொலைபேசிச் சில்லுகளில் அந்த எண்ணிக்கை ஆயிரம் கோடியையும் தாண்டிவிட்டது.

பெயர் மேலே எழுதியிருக்கும்போது உள்ளே ஏன் பார்க்கவேண்டும்? மேலே உள்ள பெயர் வெறும் மையோ லேசர்ப் பொறிப்போதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பெயர் எழுதலாம். பழைய கணினிகளும் தொலைபேசிகளும் குப்பையாகக் கப்பல் ஏறிப் போகும் இடங்களில் பலகைகளை நெருப்பில் வாட்டிச் சில்லுகளைக் கழற்றுவார்கள். அவற்றைக் கழுவி, மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புப் பூச்சுப் பூசிப் புதிய இலக்கம் பொறிப்பார்கள். பார்வைக்குப் புதுச்சில்லு. 2012 மே மாதத்தில் அமெரிக்க செனற் சபையின் ஆயுதப்படைக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அந்நாட்டின் பாதுகாப்புத் துறைக்குப் பொருள் வழங்கும் வழிகளில் சந்தேகத்துக்குரிய போலி உதிரிப்பாகங்கள் பற்றி ஏறத்தாழ 1,800 சம்பவங்களை அது கண்டறிந்தது. பாகங்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்துக்கும் மேல். படைத்துறையின் நிலையே இது என்றால், மற்றவர்களின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நகை வாங்குகிறவர் முத்திரையைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் பத்தர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார். எங்களுடைய உரைகல் நுணுக்குக்காட்டி.

செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் வெளியே பார்ப்போம். எழுத்து நேராக இருக்கிறதா, மேற்பரப்பில் தேய்த்த கீறல் இருக்கிறதா, கால்களில் முன்னர் ஈயம் பிடித்த அடையாளம் இருக்கிறதா என்று கவனிப்போம். அடுத்தது எக்ஸ்-கதிர்ப் படம். உறையைத் திறக்காமலே உள்ளிருக்கும் உலோகச் சட்டமும் கம்பிகளும் அதில் தெரியும். ஒரே பெட்டியில் வந்த பத்துச் சில்லுகளுக்கு மூன்று விதமான சட்டங்கள் இருந்தால் சங்கதி பாதி விளங்கிவிடும்.

அதன் பிறகுதான் உறையைக் கரைப்போம். புகையும் நைத்திரிக்கமிலத்தைச் சூடாக்கித் துளித்துளியாக விட்டால் பிசின் கரையும். சிலிக்கனுக்கு ஒன்றும் ஆகாது. இதை உறிஞ்சு அறைக்குள்ளே, கையுறையும் முகக்கவசமும் போட்டுத்தான் செய்வோம். தங்கைமாரே, வீட்டில் ஒருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அமிலமே வேண்டாத ஒரு வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

கழுவி எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியின் கீழே வைப்போம். எங்கள் கல்லூரி உயிரியல் ஆய்வுகூடத்தில் வெங்காயச் சவ்வு பார்த்த நுணுக்குக்காட்டி இதற்குச் சரிவராது. அதில் ஒளி கீழிருந்து மேலே வரும். சவ்வு ஒளியை விடும், சிலிக்கன் விடாது. ஆகவே வில்லைக்கு உள்ளாலேயே ஒளியை மேலிருந்து விழுத்தி, தெறித்து வருவதைப் பார்க்கும் கருவி வேண்டும். உலோகங்களை ஆராய்பவர்கள் பாவிப்பது அதுதான். சிலிக்கன் முற்றாக ஒளி விடாத பொருளும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களின் ஒரு பகுதியை விடும். அதனால் பொருத்தமான கமரா இருந்தால் சில வகைச் சில்லுகளைப் பின்புறத்தால், ஒன்றையும் கரைக்காமல் பார்க்கலாம்.

முதன்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் சொல்வார்கள். இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா, பொன் என்று பட்டுச்சேலை போலத் தெரியும். அங்கே சாயம் எதுவும் இல்லை. மழை பெய்த தெருவில் எண்ணெய் சிந்தினால் நிறநிறமாகத் தெரிவதில்லையா? அதே காரணம்தான். சிலிக்கன் மேலுள்ள ஒட்சைட்டுப் படையின் தடிப்புக்கு ஏற்ப நிறம் மாறும். வெள்ளையாக மின்னுவது அலுமினிய இணைப்புப் பாதை. ஓரத்தில் சதுரம் சதுரமாக இருப்பவை கம்பி ஒட்டும் இடங்கள். ஒரே கோலத்தை ஆயிரம் தடவை போட்டது போல ஒழுங்காக இருக்கும் இடம் நினைவகம். ஒழுங்கில்லாமல் நெருக்கமாக இருப்பது தருக்கச் சுற்று. பெரிய பெரிய திரான்சிற்றர்கள் ஓரத்தில் இருந்தால் அவை வெளியே மின்னோட்டம் கொடுப்பவை. கொஞ்ச நாள் பழகினால், வீட்டின் வரைபடத்தைப் பார்த்து இது அடுப்படி, இது சாமியறை என்று சொல்வது போலச் சொல்லிவிடலாம்.

அதைவிட எளிய சான்று ஒன்றும் உண்டு. வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் ஒரு மூலையில் நிறுவனத்தின் சின்னம், ஆண்டு, உள் இலக்கம் ஆகியவற்றைப் பொறித்து வைப்பார்கள். நான் சொன்ன 4004 சில்லின் ஓரத்தில் எஃப். எஃப். என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அதை வடிவமைத்த ஃபெடரிக்கோ ஃபாஜினின் பெயர் முதலெழுத்துகள் அவை. 1980களில் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தங்கள் சில்லின் மூலையில் ரஷ்ய எழுத்தில் ஒரு வரியைப் பொறித்தார்கள். திருடுவதென்றால் ஆகச் சிறந்ததையே திருடுங்கள் என்பது அதன் கருத்து. சோவியத் நாட்டில் யாராவது அதைத் திறந்து பிரதிபண்ணப் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நுணுக்குக்காட்டியால் பார்ப்பவருக்கு மட்டுமே எழுதிய கடிதம் அது.

பெயரும் உள்ளீடும் வேறான ஒரு பிரபலமான வழக்கைச் சொல்கிறேன். கணினியின் யூஎஸ்பி துளையில் பழைய கருவிகளைப் பொருத்துவதற்கு எஃப்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் எஃப்.ரி.232ஆர்.எல். என்ற சில்லு உலகம் முழுவதும் பாவனையில் இருந்தது. 2014இன் தொடக்கத்தில், சில்லுகளைத் திறந்து படமெடுக்கும் ஒரு குழு அசலையும் சந்தேகத்துக்குரிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வெளியே இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கால்கள். உள்ளே ஒட்டுறவே இல்லை. அசலில் அந்த வேலைக்கென்றே வரைந்த சுற்று இருந்தது. மற்றதில் இருந்தது ஒரு பொதுவான சிறு கணிப்பான். அசல் போல நடிக்கும்படி அதற்குள் நிகழ்ச்சிநிரல் எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் நிறுவனம் தன் மென்பொருளைப் புதுப்பித்தபோது போலிச் சில்லுகள் வேலை செய்யாமல் நின்றன. போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகள்தான் நின்றன. ஏமாற்றியவனுக்கு நட்டமில்லை, கடைசியாகக் கையில் வைத்திருந்தவருக்கே நட்டம்.

என் மேசைக்கு வந்த ஒன்றையும் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பல தொழிற்சாலைகள் வழமையான முகவரை விட்டு, கிடைத்த இடத்தில் வாங்கின. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டி செய்கிற ஒரு நிறுவனம் எங்களுக்குச் சில பலகைகளை அனுப்பியது. பலகை சூடேறச் சூடேற, வெப்பநிலையை அளக்கும் பகுதி மெல்ல மெல்லப் பிழையாகக் காட்டத் தொடங்கியது. உணரியில் பிழை இல்லை, மென்பொருளிலும் பிழை இல்லை. உணரியின் சைகையைப் பெருக்கும் ஒரு சிறிய சில்லில் சந்தேகம் விழுந்தது.

அசலையும் வந்ததையும் திறந்தோம். அந்த வகை அசலில் ஒரு தனி அடையாளம் உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு துண்டையும் அளந்து, உள்ளே உள்ள தடைகளை லேசரால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிப்படுத்துவார்கள். அந்த வெட்டுத் தழும்பு நுணுக்குக்காட்டியில் நன்றாகத் தெரியும். துல்லியத்துக்குக் கொடுக்கும் விலை அந்தத் தழும்புக்குத்தான். வந்த சில்லில் ஒரு தழும்பும் இல்லை. துண்டும் சிறியது, ஓரத்தில் இருந்த சின்னமும் வேறு. சில சதத்துக்கு விற்கும் சாதாரணப் பெருக்கி ஒன்றைத் துல்லியப் பெருக்கி என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். தொழிற்சாலைச் சோதனையிலேயே பிடிபட்டதால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் அன்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் அந்தப் பெட்டிக் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்ப்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலக்கம் மாற்றுகிறவனுக்கு அது ஒரு சில்லு மட்டும்தான்.

படத்தைப் பார்த்தால் போதும் என்றும் நினைக்கக்கூடாது. கண்ணையும் ஏமாற்றலாம். 1976இல் வந்த சைலொக் இசட்80 சில்லில், பிரதிபண்ணுகிறவர்களைக் குழப்புவதற்கென்றே சில பொறிகளை வைத்ததாக அதே ஃபாஜின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பார்வைக்கு ஒருவகைத் திரான்சிற்றர் போல இருக்கும், வேலை செய்வது வேறுவிதமாக. ஆகவே பார்ப்பதோடு நிற்காமல் அளந்தும் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். ஏட்டின் மேலே எழுதியிருக்கும் பெயரை நம்பி அப்படிப்பட்ட வேலையைச் செய்ய முடியாது. பல ஏடுகளைத் தேடி எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டும். ஏடு ஒப்பிடுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியதாகவோ, இரண்டும் மூன்றாவது ஒன்றைப் பார்த்து எழுதியவையாகவோ இருக்கும். சில்லிலும் அப்படித்தான். பயன்படாமல் விட்ட ஒரு மூலை, எங்கும் போய்ச் சேராத ஒரு பாதை, இவை இரண்டு சில்லுகளிலும் ஒரே மாதிரி இருந்தால் அது தற்செயல் அல்ல. சரியான பகுதி இருவருக்கும் தானாகவே ஒத்துப்போகலாம். பிழை ஒத்துப்போனால்தான் பிரதி என்று துணிந்து சொல்லலாம்.

இப்படிப்பட்ட வடிவமைப்பைப் பாதுகாக்க அமெரிக்கா 1984இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஒருங்கிணைந்த சுற்றுகளின் தளக்கோலம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சட்டம் படித்த அக்காமார் பலர் இங்கே இருக்கிறீர்கள். இது உங்களுக்கும் உரிய துறை.

பெண்கள் கூடியிருக்கும் சபையில் இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சில்லைக் கண்டுபிடித்தவர்கள் என்று புத்தகங்களில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. ஆனால் நுணுக்குக்காட்டியின் முன்னால் குனிந்திருந்து துண்டு துண்டாகக் கம்பி ஒட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஃபெயார்சைல்ட் நிறுவனம் 1965இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், நவாகோ பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள சிப்றொக் என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு காலத்தில் அங்கே வேலை செய்தார்கள். மிகப் பெரும்பான்மையினர் நவாகோப் பெண்கள். பரம்பரையாகக் கம்பளம் நெய்கிறவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்த நுட்பம் இயல்பாக வரும் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் அருகருகே அச்சிட்டது. பாராட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் பிறப்பிலேயே வரும் கைத்திறன் என்று சொல்லிவிட்டால் கற்ற திறமைக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிற்சாலை 1975இல் மூடப்பட்டது.

பின்னர் 1994இல் மரிலு ஷுல்ஸ் என்ற நவாகோ நெசவாளர், இன்ரெல் நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, பென்ரியம் சில்லின் படத்தைப் பார்த்துக் கம்பளமாக நெய்தார். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட திரான்சிற்றர்கள் உள்ள சில்லு அது. அந்தக் கம்பளம் எவ்வளவு நேர்மையாக நெய்யப்பட்டது என்றால், இது நினைவகம், இது கணிக்கும் பகுதி என்று இன்றும் பகுதி பகுதியாக அடையாளம் காட்டலாம். பனையோலைப் பெட்டியின் விளிம்பைப் பார்த்து இது யாருடைய கை என்று சொல்கிற ஆச்சிமார் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நுணுக்குக்காட்டி கொடுக்க யாரும் நினைக்கவில்லை.

எங்கள் நாட்டுக்கும் அந்தத் தொழில் வரவிருந்தது. 1980களின் தொடக்கத்தில் மோட்டரோலாவும் ஹரிஸும் இலங்கையின் சுதந்திர வர்த்தக வலயத்தில் சில்லுத் தொழிற்சாலை அமைக்க உடன்பட்டிருந்தன. 1983 யூலைக்குப் பிறகு அந்த முயற்சிகள் கைவிடப்பட்டன. அந்த யூலையில் நாங்கள் இழந்தவற்றை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாடு இழந்தவற்றின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் குடாநாட்டுப் பிள்ளைகள் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். இலத்திரனியல் எங்களுக்கு வராத கல்வி அல்ல. கையில் பொருள் இல்லாமல் கற்ற கல்வி.

இன்று நிலைமை வேறு. கடலுக்கு அந்தப் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.ரி.யில் சக்தி என்ற பெயரில் கணிப்பான்கள் வடிவமைக்கப்பட்டு, 2018இல் சில்லாகவே செய்யப்பட்டு ஓடின. இந்தப் பக்கத்தில் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒரு பிள்ளை சில்லைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அமிலம் வேண்டாத வழியைச் சொல்கிறேன் என்றேன்.

பழைய கணினிகளில், அழித்து மறுபடி எழுதக்கூடிய ஒருவகை நினைவகச் சில்லு இருந்தது. ஊதாக் கடந்த கதிரால் அழிப்பதற்காக அதன் நடுவில் குவார்ட்சுக் கண்ணாடி யன்னல் ஒன்று வைத்திருப்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் சிலிக்கன் துண்டு அப்படியே தெரியும். கைவில்லையாலேயே பார்க்கலாம். பழைய கமராவின் ஒளியுணரியும் அப்படித்தான், கண்ணாடிக்குக் கீழே வெளிப்படையாக இருக்கும். ஒரு சதமும் செலவில்லை, ஒரு துளி அமிலமும் இல்லை.

ஆகவே பழைய மாணவிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ரொறன்ரோ, இலண்டன், சிட்னி, கொழும்பு, எங்கே இருந்தாலும், உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ எறியவிருக்கும் பழைய பலகைகளில் யன்னல் வைத்த சில்லு இருந்தால் எடுத்து வையுங்கள். இரண்டாவது, மேலிருந்து ஒளி விழுத்தும் நுணுக்குக்காட்டி ஒன்று பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு வேண்டும். பாவித்த கருவி போதும். அதற்கு நான் என் பங்கைத் தருகிறேன். மிச்சத்துக்கு உங்கள் கிளைச் சங்கங்கள் பொறுப்பு.

தங்கைமாருக்கு ஒரு சொல். என் வேலையில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. பொறுமையாகப் பார்க்கவேண்டும், பார்த்ததை மட்டும் எழுதவேண்டும், சரியான ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். இது அசல் என்று எல்லோரும் சொன்னாலும், தழும்பு இல்லையென்றால் இல்லை என்று எழுதக் கை நடுங்கக்கூடாது. இவற்றையெல்லாம் நான் வெளிநாட்டில் கற்கவில்லை. இந்தக் கல்லூரியில், செய்முறைக் கொப்பியில் வராத விடையை வந்ததாக எழுதினால் முழுப் பக்கத்தையும் வெட்டிவிடும் ரீச்சர்மாரிடம் கற்றேன். அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

நூறாண்டு கண்ட எங்கள் சங்கம் இன்னும் பல நூறாண்டு வாழ்க.